அயர்லாந்து நாய்ப்பந்தயத்துக்கு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ: நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்துவது?

#1 கணக்குப்பிள்ளை

அயர்லாந்து பட்ஜெட் வரும்போதெல்லாம் இந்தக் களத்தில் ஒரே சண்டை. ஒரு சாரார் "வரிப்பணத்தை நாய்க்குக் கொட்டுகிறார்கள்" என்கிறார்கள். மறுசாரார் "அது வரிப்பணமே இல்லை, பந்தயம் கட்டுகிறவன் காசு" என்கிறார்கள். பணம் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்பதை மட்டும் முதலில் போடுகிறேன். பிறகு சண்டை போடலாம்.

2001ஆம் ஆண்டின் குதிரை, கிரேஹவுண்ட் (பந்தய நாய் இனம்) பந்தயச் சட்டம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிதியத்தை உண்டாக்கியது. பிரிவு 12 சொல்வது: அந்த நிதியத்துக்கு வரும் தொகையில் 80% குதிரைப் பந்தய அமைப்புக்கு, 20% நாய்ப்பந்தய அமைப்புக்கு. பின்னதுதான் 1958இல் தொடங்கிய போர்ட் நா கோன். 2020இல் பெயரை ராசியோக்த் கோன் ஏரன் என்று மாற்றிக்கொண்டார்கள். தலைமையகம் லிமெரிக். இனி 'வாரியம்' என்றே எழுதுகிறேன்.

நாய்களின் பங்கு, மில்லியன் யூரோவில்:
2020: 16.8
2021: 19.2
2022: 17.6
2023: 18.2
2024: 19.0
2025: 19.82

ஆறு ஆண்டில் மொத்தம் 110.62 மில்லியன். 2025இல் நிதியம் முழுவதும் 99.1 மில்லியன்.

"பந்தயக்காரன் காசு" என்ற வாதம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் நிதியத்தின் அளவைப் பந்தய வரி வசூலோடு இணைத்து வைத்திருந்தார்கள். இப்போது அப்படி இல்லை. வேளாண் துறையின் ஒதுக்கீட்டில் மற்றச் செலவுகளோடு சேர்ந்து வாக்கெடுப்புக்கு வருகிறது. பந்தய வரி தனியாக அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. 2019 ஜனவரியில் அதை 1%இலிருந்து 2% ஆக்கினார்கள்.

அந்த வரியை யார் கட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். கடைகளிலும் இணையத்திலும் வைக்கும் பந்தயத்துக்குத்தான் வரி. மைதானத்துக்கு உள்ளேயே புக்கியிடமோ (பந்தயம் வாங்குபவர்) டோட்டிலோ (பொதுத்தொகைப் பந்தயம்) வைத்தால் இந்த வரி கிடையாது. அதாவது டப்ளினின் நாய்ப்பந்தய மைதானமான ஷெல்போர்ன் பார்க்குக்கு நேரில் போய் 3ஆம் எண் நாய்மேல் 10 யூரோ வைப்பவரிடமிருந்து அந்த வரியாக ஒரு காசும் வராது. தொலைபேசியில் கால்பந்துக்கு வைப்பவரிடமிருந்து 2% வரும். ஆக நாய்ப்பந்தயம் தன் கைக்காசில் ஓடுகிறது என்பது நிற்காத வாதம்.

#2 டப்ளின்வாசி

கணக்கு சரி அண்ணை. ஆனா அரசியல் அந்த 80க்கும் 20க்கும் நடுவிலதான் ஒளிச்சிருக்கு.

பாராளுமன்றத்தில வாக்கு ஒண்டுதான். குதிரைக்குத் தனியா, நாய்க்குத் தனியா எண்டு இல்லை. குதிரை வளர்ப்பு இஞ்ச பெரிய தொழில். கில்டேர், டிப்பரரிப் பக்கம் உள்ள உறுப்பினர் ஆர் அதுக்கு எதிரா வாக்குப் போடுவினம்? அவைக்கு நாயில ஒரு விருப்பமும் இல்லாமல் இருக்கலாம். ஆனா குதிரைக்கு 4 யூரோ குடுக்கோணும் எண்டா நாய்க்கு 1 யூரோ தானா போகும். 2020ல இருந்து நாயின்ர பங்கு ஏறினதுக்குக் காரணம் நாய்ப்பந்தயம் வளர்ந்தது இல்லை. குதிரைக்குக் கூட்டினவை, இது கூடவே ஏறிச்சுது.

இன்னொரு விசயம். நிதியத்தில இருந்து குடுக்கக்கூடிய மொத்தத்துக்குச் சட்டத்தில ஒரு உச்சவரம்பு இருக்கு. அது ஒவ்வொரு வருசமும் முட்டிப்போகும். அதைக் கூட்டுறதுக்கு அமைச்சர் ஒழுங்குவிதி ஒண்டு கொண்டுவந்து ரெண்டு அவையிலயும் ஒப்புதல் எடுக்கோணும். எதிர்க்கட்சிகள் சத்தம் போடுறது அந்த நாளிலதான். "ரெண்டையும் பிரியுங்கோ" எண்டு கேப்பினம். பிரிக்கோணும் எண்டா ஒழுங்குவிதியில ஏலாது, 2001 சட்டத்தின்ர 12ஆம் பிரிவைத் திருத்தோணும். அதுக்கு எந்த அரசும் இதுவரைக்கும் கை வைக்கேல்லை.

#3 பந்தயப்பிரியன்

இரண்டு பேரும் பணம் வரும் வழியைச் சொன்னீர்கள், போகும் வழியைச் சொல்லவில்லையே. 19.82 மில்லியனும் பரிசுக் கோப்பையாகவா போகிறது?

இதில்தான் ஊக்கமருந்துச் சோதனை, நடுவர்கள், ஒவ்வொரு பந்தய இரவும் மைதானத்தில் நிற்கும் கால்நடை மருத்துவர், 2021இல் வந்த தடமறியும் கணினி அமைப்பு எல்லாம் வருகிறது. 2020 முதல் அரசுப் பணத்தில் 10% நாய்நலனுக்கு என்று ஒதுக்கவும் வேண்டும். இதை நிறுத்தினால் நாய்ப்பந்தயம் நிற்காது, கண்காணிப்புதான் நிற்கும். பிரிட்டனில் உரிமம் இல்லாமல் ஓடிய தடங்களை 'ஃபிளாப்பிங் ட்ராக்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பகுதியின் தார்ன்டன் அப்படிப்பட்டதாகத்தான் இருந்தது. அங்கே மருந்துச் சோதனையோ, கட்டாய மருத்துவரோ, காயக் கணக்கோ இருந்ததா? அயர்லாந்து முழுவதும் அப்படி ஆக வேண்டும் என்றால் மானியத்தை நாளைக்கே நிறுத்துங்கள்.

பிரிட்டனில் அரசு மானியமே இல்லை, தெரியும்தானே? புக்கிகள் தாங்களாக நாய்ப்பந்தய விற்றுமுதலில் 0.6% தருகிறார்கள், அவ்வளவுதான். குதிரைக்குச் சட்டப்படி கட்டாய லெவி இருக்கிறது, நாய்க்கு இல்லை. தரமாட்டேன் என்று ஒரு புக்கி சொன்னால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நிலை நல்லதா?

#4 கணக்குப்பிள்ளை

ப.பி., உங்கள் வாதத்தில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்து மீதியையும் விற்கிறீர்கள்.

கண்காணிப்புச் செலவும் பரிசுத்தொகையும் வெவ்வேறு தலைப்புகள். வாரியத்தின் செலவில் பரிசுத்தொகை பெரியது. பரிசு என்பது வெறும் அலங்காரம் இல்லை, அதுதான் இனப்பெருக்கத்துக்கான விலைச் சைகை. வெல்லும் நாய்க்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்த்துத்தான் வளர்ப்பவர் அடுத்த ஈற்றுக்குப் பெட்டையைச் சேர்க்கிறார். நீங்கள் சொல்லும் மருத்துவரும் தடமறிதலும், அந்தச் சைகை உண்டாக்கிய கூடுதல் நாய்களைச் சமாளிக்கத்தான். ஒரு கையால் நாயைப் பெருக்க ஊக்கம், மறு கையால் மிஞ்சிய நாய்க்கு நலநிதி. இரண்டும் ஒரே பையிலிருந்து.

2019 ஜூனில் அயர்லாந்தின் பொதுத்துறை ஒளிபரப்பான ஆர்டிஇ தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி வெளியே கொண்டுவந்த அறிக்கை வாரியமே காசு கொடுத்து 2017இல் எழுத வாங்கியது. அதில் ஆண்டுக்குச் சுமார் 16,000 குட்டிகள் பிறப்பதாகவும், தேவையான நேரத்துக்குள் ஓடாததாலோ வேகம் குறைந்ததாலோ ஏறக்குறைய 6,000 நாய்கள் கொல்லப்படுவதாகவும் மதிப்பீடு இருந்தது. தொழில்துறை அந்த எண்ணை ஏற்கவில்லை. சரி, ஏற்காமல் இருக்கட்டும். 2021க்கு முன்னால் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு நாயைப் பின்தொடர வாரியத்திடம் அமைப்பே இல்லையே, எந்த எண்ணை வைத்து மறுப்பது?

பிரிட்டன் ஒப்பீடு நல்லதுதான், ஆனால் அது உங்களுக்கு எதிராகப் போகிறது. அரசுப் பணம் இல்லாத பிரிட்டனில் தடங்கள் ஒவ்வொன்றாக மூடி, உயிர்வாழ முடிந்தவை மட்டும் மிஞ்சின. லண்டனின் விம்பிள்டன் நாய்த்தடம் 2017 மார்ச்சில் போனது. கிரேஃபோர்டு 2025 ஜனவரியில் போனது.

#5 எலும்புமூட்டு

மருத்துவப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் 'நலநிதி' என்ற சொல் எதை மறைக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஓட்டம் எப்போதும் இடஞ்சுழி. வளைவில் நாய் இடப்பக்கம் சாயும், வெளிப்பக்கமான வலது பின்னங்கால் உடலைத் தாங்கித் தள்ளும். அந்தக் காலின் கணுக்கால் மூட்டில் (கிரேஹவுண்ட்காரர்கள் 'ஹாக்' என்பார்கள்) நடுவில் உட்கார்ந்திருக்கும் சிறிய எலும்பு நசுங்கி உடைவதுதான் இந்தத் தொழிலின் முத்திரைக் காயம். பொதுவாக வலது கால்தான், இடது அபூர்வம். ஓடும் திசைதான் காரணம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். முன்னங்காலில் இடது பாதத்தின் ஐந்தாம் அங்கை எலும்பும், வலது பாதத்தின் இரண்டாம் எலும்பும் இதே காரணத்தால் களைப்புறும்.

ஒரு இரவில் நடக்கும் விபத்து என்று இதை நினைக்காதீர்கள். வாரக்கணக்கில் நுண்விரிசல் சேர்ந்து ஒரு நாள் முறியும். வெளியே தெரியும் அறிகுறி கொஞ்சம்தான்: நேரம் சிறிது குறையும், வளைவில் வெளியே விலகி ஓடும், ஓட்டம் முடிந்த மறுநாள் விறைப்பு. இந்தக் கட்டத்தில் ஓய்வு கொடுத்தால் தப்பும். கொடுப்பதில்லை, ஏனென்றால் ஓடாத நாய் வருமானம் இல்லாத நாய்.

முறிந்த பிறகு, லேசான வகை என்றால் ஒரு திருகாணி, கட்டு, மாதக்கணக்கில் கட்டுப்படுத்திய நடை. பல துண்டாகப் போனால் இரண்டு, மூன்று திருகாணி, பிறகு பந்தயம் சந்தேகம். செல்லப்பிராணியாக நன்றாகவே வாழும். ஆனால் அறுவைச் செலவு நாயின் சந்தை விலையைத் தாண்டியதும் முடிவெடுப்பது மருத்துவம் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பிரிட்டனின் நாய்ப்பந்தய அமைப்பு 2018 இறுதியில் காயச் சிகிச்சைக்கு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அது வேலை செய்கிறது என்றே சொல்வேன்.

எண்களைப் படிக்கும் விதம் பற்றி ஒன்று. 2024இல் பிரிட்டனின் உரிமம் பெற்ற தடங்களில் 3,809 காயங்கள், தடத்திலேயே 123 இறப்பு. தொழில்துறை இதைச் சுமார் 3.55 லட்சம் ஓட்டங்களால் வகுத்து "1.07% மட்டுமே" என்று வெளியிடும். அது ஓர் ஓட்டத்துக்கான விகிதம். ஒரு நாய் ஆண்டுக்கு 40 முறை ஓடுவதாக வைத்துக்கொண்டு 0.9893ஐ 40 முறை பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.65 வரும். அதாவது ஓராண்டில் ஒரு காயமாவது படும் வாய்ப்பு 35% அளவில். எல்லா ஓட்டத்துக்கும் ஒரே அபாயம் என்று எடுத்துக்கொண்ட தோராயம்தான் இது. ஆனாலும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை ஏன் வெளியிடுகிறார்கள் என்று புரியும்.

#6 தடமண்

வளைவு என்று எலும்புமூட்டு தொட்டுவிட்டதால் என் பங்கு.

அயர்லாந்தின் வழக்கமான தூரம் 525 கெஜம், அதாவது 480 மீட்டர். 29 நொடியில் ஓடினால் சராசரி 16.5 மீ/நொடி. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால் முதல் வளைவில் இதைவிட வேகம் கூடுதலாகத்தான் இருக்கும், 17 என்று வைப்போம். வளைவின் ஆரம் 50 மீட்டர் என்றால் பக்கவாட்டு முடுக்கம் 17×17÷50 = 5.8, புவியீர்ப்பில் 0.59 பங்கு. பாதம் பக்கவாட்டில் இழுபடாமல் இருக்கத் தடம் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நடைமுறையில் சாய்வு சில டிகிரிதான். மீதியை மணலும் நாயின் எலும்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆரத்தை 70 ஆக்கினால் 0.42க்கு இறங்கும். அவ்வளவு பெரிய மாற்றம், ஆனால் அதற்கு நிலம் வேண்டும். நகர நடுவில் 1920, 30களில் கட்டிய அரங்கத்தைச் சுற்றி எங்கே நிலம்? ஷெல்போர்ன் பார்க் 1927.

ஆரத்தைவிட மோசமானது வளைவின் நுழைவாயில். நேர்ப்பாதை முடிந்த இடத்தில் சட்டென்று முழு வளைவு தொடங்கினால் பக்கவாட்டு விசை ஒரே எட்டில் பூஜ்யத்திலிருந்து உச்சத்துக்குப் போகும். ரயில்பாதை போடுகிறவர்கள் எப்போதும் படிப்படியாக இறுகும் நுழைவு வைப்பார்கள். பழைய நாய்த்தடங்களில் அது இல்லை. 2017இல் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய மாநிலமான நியூ சவுத் வேல்ஸுக்காகச் செய்த ஆய்வு சொன்னவற்றில் முக்கியமானவை: எட்டு நாய்க்குப் பதில் ஆறு, நேர்கோட்டுத் தடம், நாய்கள் துரத்தும் இயந்திர முயலை நீண்ட கையில் மாட்டி, வேலியிலிருந்து விலக்கித் தடத்தின் நடுப்பக்கம் ஓட்டுவது. முயல் வேலியை ஒட்டி ஓடினால் எல்லா நாயும் வேலிக்குத்தான் பாயும், முதல் வளைவில் மோதும். அயர்லாந்தில் முதலிலிருந்தே ஆறுதான். மற்ற இரண்டும் பணச் செலவு.

பராமரிப்பு அன்றாட வேலை. ஓட்டங்களுக்கு இடையில் டிராக்டரில் ஹாரோ கட்டிக் கிளறி, பரம்பு இழுத்து, தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மணல் உதிர்ந்து பாதம் புதையும், விரல் முறியும். கூடினால் இறுகிப் பலகை மாதிரி ஆகும். நேரம் வேகமாக வரும், பார்வையாளர் கைதட்டுவர், கணுக்கால் வாங்கும். உள்வேலியிலிருந்து இரண்டு மூன்று மீட்டர்தான் எப்போதும் தேய்கிறது, அங்கே மணலைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மழை சாய்வில் இறங்கும்போது நுண்மணலை உள்பக்கம் இழுத்துக் குவிக்கும், மேல்பக்கம் பருமணல் மட்டும் மிஞ்சும். ஒரே தடத்தில் இரண்டு வகைத் தரை! உறைபனிக்கு உப்புப் போட்டால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடுத்த வாரத் தண்ணீர்க் கணக்கு தப்பும். இதற்கெல்லாம் அனுபவமுள்ள ஆள் முழுநேரமாக வேண்டும். கூட்டம் குறைந்த அரங்கத்தில் முதலில் வெட்டப்படுவது அந்த ஆளின் மணிநேரம்.

#7 பந்தயப்பிரியன்

தடமண், உங்கள் பதிவு மானியத்துக்கு ஆதரவான வாதம் என்பதைக் கவனித்தீர்களா? ஆரத்தைக் கூட்டவும் முயல் அமைப்பை மாற்றவும் முழுநேர ஆள் வைக்கவும் காசு வேண்டும். கூட்டம் குறைந்த தொழிலிடம் அது இல்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசு தடப் பாதுகாப்புக்கு 30 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் மூலதன மானியம் கொடுத்தது அதனால்தான்.

#8 தடமண்

கவனித்தேன். கணக்கு அங்கேதான் இடிக்கிறது. ஒரு வளைவை மறுபடி கட்டினால் இருபது ஆண்டு பயன் எதிர்பார்க்கிற முதலீடு. அந்த அரங்கம் ஐந்தாண்டில் மூடுமா, இருக்குமா என்று யாருக்காவது தெரியுமா? மூடும் தேதி தெரிந்தால் வளைவைக் கட்டாமல், வேகத்தைக் குறைக்கிற மலிவான வேலைகளைச் செய்யலாம்: வாரத்துக்கு ஓட்ட எண்ணிக்கையைக் குறைத்து மணலுக்கு ஓய்வு, தடிமனான மேல்மணல், மழை இரவில் ரத்து. இருபதாண்டு நிச்சயம் என்றால் முழுசாகக் கட்டலாம். ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தால் இரண்டும் நடக்காது. வண்ணம் பூசி, விளக்கு மாற்றி, பரிசைக் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

#9 டப்ளின்வாசி

தடமண் சொன்னதுக்கு இஞ்சயே உதாரணம் இருக்கு. லிமெரிக்கில 2010ல புது அரங்கம் கட்டிச்சினம், பொருளாதாரம் விழுந்து கிடக்கிற நேரத்தில. வாரியத்தின்ர கடன் ஏறி, கடைசியா டப்ளினில ஹரோல்ட்ஸ் கிராஸ் தடத்தை 2017 பெப்ரவரியில மூடி, அடுத்த வருசம் கல்வித் திணைக்களத்துக்கு 23 மில்லியனுக்கு வித்துத்தான் கடனை அடைச்சவை. வாங்கினதும் அரசு, மானியம் குடுத்ததும் அரசு. பொதுப்பணம் ரெண்டு கதவால போயிருக்கு எண்டு ஆரும் கணக்கில சேர்க்கிறேல்லை. (பள்ளிக்கூடக் காணி கிடைச்சதுதானே எண்டு சொல்லலாம், அது சரிதான்.)

பிறகு 2019ல இண்டெகன் எண்ட ஆலோசனை நிறுவனத்தின்ர அறிக்கை நாலு அரங்கத்துக்கு இனிக் காசு குடுக்க வேண்டாம் எண்டது: யால், எனிஸ்கார்த்தி, லிஃபர்ட், லாங்ஃபர்ட். லிஃபர்டும் லாங்ஃபர்டும் மூடிச்சுது. மற்ற ரெண்டும் ஊர்ச்சனம் நிண்டு பிடிச்சு ஓட்டிச்சினம். ஆனா பாருங்கோ, அரங்கம் குறைஞ்சாலும் நிதியம் குறையேல்லை. சூத்திரத்துக்கு அரங்கம் எத்தினை எண்டு தெரியாது.

#10 நெறியாளர்

காயப் படங்களை ஒட்டிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். தலைப்பு பொதுப்பணம். நிறுத்தும் முறைக்கு வருவோமா?

#11 கணக்குப்பிள்ளை

வருவோம். மற்ற இடங்களில் எப்படி நடந்தது என்பதை, பணம் யாருடையது, கால அவகாசம் எவ்வளவு என்ற இரண்டு கேள்வியோடு மட்டும் பார்க்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸ், 2016: ஜூலை 7 அன்று பிரீமியர் (மாநில முதல்வர்) மைக் பேர்ட் தடை அறிவித்தார், அடுத்த ஆண்டு ஜூலை 1 முதல் அமல். அவகாசம் ஓராண்டுக்கும் குறைவு, வெளியேறுபவர்களுக்கு என்ன என்ற விவரம் பின்னால் வரும் என்ற நிலை. அக்டோபர் 11 அன்று வாபஸ். சிறு ஊர்களின் கோபம் வாபஸுக்குப் பிறகும் ஆறவில்லை, நவம்பரில் ஆரஞ்சு என்ற தொகுதியின் இடைத்தேர்தலில் கூட்டணிக் கட்சி தோற்றது. பார்க்கப்போனால் இந்தத் தடை தொழிலுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

அமெரிக்காவின் அயோவா, 2014: சூதாட்டக்கூடங்கள் தங்கள் வருமானத்திலிருந்து நாய்ப்பந்தயத்துக்குக் காசு கொடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டிருந்தன. அந்தப் பிணைப்பை அறுக்க ஏழாண்டில் 72 மில்லியன் டாலர் விலை பேசினார்கள். கவுன்சில் பிளஃப்ஸ் 2015இல் நின்றது. டுபூக் தடம் 2022 மே வரை சிறிதாக ஓடி முடிந்தது. நாய்க்காரர்களிடமிருந்து பெரிய எதிர்ப்பு வராமல் முடிந்த ஒப்பந்தம், ஏனென்றால் அவர்கள் மேசையில் உட்கார்ந்து பேசினார்கள்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியா: அதே வகைப் பிணைப்பு. 2017இல் சட்டமன்றம் மானியத்தை நிறுத்த மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் ஜிம் ஜஸ்டிஸ் வீட்டோ செய்தார். பிறகு அமெரிக்காவில் கடைசியாக மிஞ்சிய இரண்டு தடங்களும் அங்கேதான்.

நியூசிலாந்து: 2013, 2017, 2021 என மூன்று ஆய்வுகளுக்குப் பிறகு 2024 டிசம்பர் 10 அன்று பந்தயத்துறை அமைச்சர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் அறிவிப்பு, கடைசி நாள் 2026 ஜூலை 31. ஏறக்குறைய 20 மாதம், சுமார் 2,900 நாய்கள். அறிவித்த அதே வாரத்தில், தேவையின்றி நாயைக் கொல்வதைத் தடுக்கும் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றினார்கள். இது முக்கியம். அறிவிப்புக்கும் சட்டத்துக்கும் இடையே மூன்று மாதம் விட்டிருந்தால் எத்தனை நாய் காணாமல் போயிருக்கும்?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா: 2025 ஆகஸ்டில், நாய்ப்பந்தயத்துக்கான அரசு நிதி 2029 ஜூனோடு முடியும் என்று பிரீமியர் ராக்லிஃப் அறிவித்தார். நாள் தற்செயல் இல்லை. 2009இல் போட்ட இருபதாண்டு நிதி ஒப்பந்தம் அப்போதுதான் காலாவதி. ஒப்பந்தத்தை மீறாமல், இழப்பீடு கேட்க இடம் கொடுக்காமல், புதுப்பிக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள்.

#12 எலும்புமூட்டு

இந்தக் கால அவகாசங்களை நாயின் வாழ்க்கைச் சுழற்சியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். சினைக்காலம் 63 நாள். ஓர் ஈற்றுக்கு ஆறு, ஏழு குட்டி. 15 முதல் 18 மாதத்தில் முதல் பந்தயம். நான்கு வயதை ஒட்டி ஓய்வு. ஆக இன்றைக்குச் சேர்த்த பெட்டையின் குட்டி களத்தை விட்டுப் போவது நான்கு ஆண்டு தாண்டி.

20 மாத அவகாசம் என்றால், அறிவித்த நாளில் கருவில் இருப்பவை முதல் ஓட்டத்துக்குத் தயாராகும் வேளையில் கதவு மூடும். வளர்ப்புச் செலவு முழுசும் போயிருக்கும், வருமானம் பூஜ்யம். அந்த வகுப்பு நாய்கள்தான் அதிக ஆபத்தில். டாஸ்மேனியாவின் நான்காண்டுக்குச் சற்றுக் குறைந்த அவகாசம் சுழற்சியோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதல் ஆண்டிலேயே இனச்சேர்க்கைப் பதிவை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் நான்காம் ஆண்டிலும் புதுக்குட்டி வரும்.

வேல்ஸ் அரசு தடை அமலாகும் நாளை 2027 ஏப்ரலுக்கு முன்னால் இல்லை, 2030 ஏப்ரலுக்குப் பின்னால் இல்லை என்று மசோதாவில் வைத்தது. அங்கே இருப்பது ஒரே தடம், அஸ்ட்ராட் மனாக்கில். அவர்களுக்கு அது எளிது.

வீடு தேடுவதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. ஓய்வுபெற்ற நாயை அப்படியே யாரும் தரமாட்டார்கள்: கருத்தடை, பல் சுத்தம் (கிரேஹவுண்டுக்குப் பல் எப்போதும் மோசம்), தடுப்பூசி, பூனை அல்லது சிறுநாயோடு விட்டுப் பார்க்கும் சோதனை, படிக்கட்டு, கண்ணாடிக் கதவு, தனியாக இருத்தல் எல்லாம் பழக்க வேண்டும். கூண்டு இடமும் வளர்ப்பு வீடுகளும் எவ்வளவோ அவ்வளவுதான் மாதத்துக்கு வெளியே போகும். எனவே ஒரே நாளில் எல்லாத் தடமும் மூடுவதைவிட வரிசையாக மூடுவது நல்லது.

#13 டப்ளின்வாசி

எல்லாம் சரி, ஆனா அயர்லாந்துக்கு ஒரு பிரச்சினை இருக்கு, உந்த நாடுகளுக்கு இல்லாதது. பிரிட்டன் தடங்களில ஓடுற நாயில பெரும்பான்மை, பத்தில எட்டுக்கு மேல எண்டு சொல்லுவினம், அயர்லாந்தில பிறந்தது. இஞ்ச பரிசை நிப்பாட்டினாலும் அங்க வாங்குறவன் இருக்கிறான். வளர்க்கிறவன் நேர வெள்ளோட்டத்துக்குப் போய், நேரம் காட்டி, படகில ஏத்திவிடுவான். அப்ப இஞ்ச இனச்சேர்க்கைப் பதிவை எப்பிடி நிப்பாட்டுறது? பதிவேடு வாரியத்திட்ட இல்லை, க்ளொன்மெலில இருக்கிற அயரிஷ் கோர்சிங் க்ளப்பிட்ட. அது முயல் துரத்துற போட்டியையும் நடத்துற அமைப்பு. அரசு சொன்னா உடனே கேக்குமோ?

#14 பந்தயப்பிரியன்

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். மானியத்தை நிறுத்தினால் ஏற்றுமதிக்காக வளர்ப்பது மட்டும் மிஞ்சும், அதன்மேல் வாரியத்துக்கு இருக்கும் பிடியும் போகும். குறைந்தபட்சம் இன்று ஒரு நாய் யார் பெயரில் இருக்கிறது என்று கணினியில் தெரிகிறது.

மூடத்தான் வேண்டும் என்றால் என் நிபந்தனை: தடமறிதலும் நலநிதியும் பரிசோடு சேர்ந்து குறையக்கூடாது. பரிசு பூஜ்யமான பிறகும் கடைசி நாய் வீடு போகும்வரை அந்தப் பணம் வர வேண்டும். அது இல்லாமல் "19.82 மில்லியனை மருத்துவமனைக்குக் கொடு" என்பவர்கள் நாயைப் பற்றிப் பேசவில்லை.

#15 கணக்குப்பிள்ளை

இதில் உங்களோடு முழு உடன்பாடு. ஆச்சரியம்தான்.

அப்படியானால் சட்ட வடிவம் இதுதான். பிரிவு 12இல் 80:20ஐ எடுத்துவிட்டு இரண்டு தனி ஒதுக்கீடு. நாய்ப் பகுதிக்குள் மூன்று கணக்கு: பரிசு, அரங்கம், கண்காணிப்பு-நலம். 2025 அளவான 19.82ஐத் தொடக்கமாக வைத்தால் பரிசும் அரங்கமும் ஐந்து சம படியில் ஆண்டுக்கு 20% வீதம் குறைந்து ஐந்தாம் ஆண்டு முடிவில் பூஜ்யம். அவற்றில் குறைவது கருவூலத்துக்குத் திரும்பாமல் முதல் மூன்றாண்டு மூன்றாம் கணக்குக்கும் வெளியேறும் பயிற்சியாளர்களுக்கும் போகட்டும். அரங்கம் விற்ற காசும் அங்கேயே. வாரியத்தின் சொந்த அரங்கங்கள் நிலமதிப்பு உள்ளவை, ஹரோல்ட்ஸ் கிராஸ் காட்டியபடி. தனியார் அரங்கங்களுக்கு இது பொருந்தாது, அவர்களோடு அயோவா மாதிரி விலை பேச வேண்டும்.

ஏற்றுமதிக்கு டப்ளின்வாசியின் கேள்வி நியாயம். பதிவேடு யாரிடம் இருந்தாலும் ஏற்றுமதி ஆவணமும் மைக்ரோசிப் உரிமை மாற்றமும் அரசின் விதிகளுக்குள் வருகின்றன. நாட்டைவிட்டுப் போகும் ஒவ்வொரு கிரேஹவுண்டுக்கும் வளர்த்தவர் ஒரு வைப்புத்தொகை கட்டட்டும். நாய் ஓய்வுபெற்று வீடு சேர்ந்ததற்கான சான்று வந்தால் திரும்பக் கிடைக்கும். பரிசுக் காசு கொடுத்து வாங்கிய பிடியைவிட இந்தப் பிடி பலமானது.

#16 டப்ளின்வாசி

வைப்புத்தொகை நல்ல யோசனை. ஆனா வட அயர்லாந்து எல்லையைக் காரில கடந்துபோற நாயை ஆர் மறிக்கிறது? துறைமுகத்தில மட்டும் பிடிச்சா எல்லாம் பெல்பாஸ்ட் வழியாப் போகும். சிப்பை வாசிக்கிறது பிரிட்டன் தடத்தில முதல் ஓட்டத்துக்குப் பதியிற நேரத்தில நடக்கோணும். அதுக்கு அங்கத்தைய அமைப்போட ஒப்பந்தம் வேணும். ஏற்கெனவே காதில குத்தின பச்சையும் சிப்பும் பாத்துத்தானே பதியினம், அந்த நேரத்தில வைப்புத்தொகை இலக்கமும் கேட்டாப் போதும். இலக்கம் இல்லாட்டி ஓடேலாது.

#17 எலும்புமூட்டு

அந்தச் சோதனைக்குப் பிரிட்டன் பக்கத்தில் எதிர்ப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஓய்வுபெறும் நாய்க்கு அங்கே ஏற்கெனவே உரிமையாளரும் அமைப்பும் பாதிப்பாதி போடும் ஒரு பத்திரத்தொகை உண்டு. ஐரிஷ் வைப்புத்தொகையை அதோடு ஒட்டவைத்தால் புது அலுவலகம் தேவையில்லை.

#18 கணக்குப்பிள்ளை

நல்லது, அப்படியே வரைவில் சேர்க்கிறேன். அயர்லாந்தில் வாக்குரிமை உள்ளவர்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதினால் "மானியத்தை நிறுத்துங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதற்கு அச்சடித்த பதில் வரும். வேளாண் துறையின் 30ஆம் ஒதுக்கீட்டைக் குறிப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். குதிரையும் நாயும் ஏன் ஒரே வரியில் இருக்கின்றன? நாய்ப் பங்கில் பரிசுக்கு எவ்வளவு, நலனுக்கு எவ்வளவு? உச்சவரம்பை உயர்த்தும் ஒழுங்குவிதி அவைக்கு வரும் நாளில் பிரித்து வாக்கெடுக்கக் கோருவீர்களா? மூன்றாவதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.